ரஹ்மத் பீவி வீட்டில் நின்ற கார்

அறிவுமதியின் கார் நின்றுபோனது அய்யம்பேட்டையில், ரஹ்மத் பீவி வீட்டு வாசலில். வேலை முடிந்த பிறகு நின்றது, அந்த மட்டுக்கும் நல்லதுதான்.

நவம்பர் வந்துவிட்டால் அவளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், பஸ் ஏறப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். லேப்டாப், ரேகை வைக்கும் கருவி, பிரிண்டர் மூன்றையும் காரில் போட்டுக்கொண்டு வீடு தேடிப் போய் முடித்துக் கொடுப்பாள். மற்ற மாதங்களில் பயிர்க் காப்பீடு, பட்டா மாறுதல் மனு, சிட்டா நகல். வெட்டாற்றுக்கு இரண்டு கரையிலும் அவள் நுழையாத ஊர் கிடையாது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போயிற்று. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டு, கையில் ஒரு தடியோடு நடப்பாள். கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவாது. அதனால்தான் கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி. திருச்சியில் பழையதாக வாங்கியது. அவள் தெருவில் யாரும் அதற்கு முன் சொந்தமாகக் கார் வாங்கியதில்லை. பண்ணையில் கூலிக்கு நின்ற அப்பா இராஜாங்கம் அதைப் பார்க்காமலே போய்விட்டார். அம்மா பார்த்தாள். ஒரு வருடம் அந்தக் காரில்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள், பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். தம்பி சதீஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீட்டில் அறிவுமதி மட்டும்.

ரஹ்மத் பீவியும் தனிதான். அறுபத்திரண்டு வயது. கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். ஒரே மகள் தஹ்மீனா கல்யாணமாகி மலேசியாவில் இருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை, அந்தக் குடும்பப் பென்ஷன் வேலைக்கு மட்டும் அறிவுமதி அங்கே போவாள். அந்த வருடம் பீவியின் கட்டைவிரல் ரேகை பதியவே மாட்டேன் என்றது. துடைத்து, தேய்த்து, ஒன்பதாவது முறையில்தான் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

"நான் உசுரோட இருக்கறத ஒத்துக்க இந்தப் பொட்டிக்கு எவ்வளவு யோசன பாரு" என்று பீவி சிரித்தார்.

அறிவுமதியும் சிரித்துக்கொண்டே வந்து வண்டியில் ஏறினாள். ஸ்டார்ட் செய்து, கியரை 'டி'யில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் உறுமியதே தவிர வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தபோது ஒரு குலுக்குக் குலுக்கி இரண்டடி நகர்ந்து, உள்ளே ஏதோ அரைபடுகிற சத்தத்தோடு நின்றுவிட்டது. கருகிய எண்ணெய் வாடை வந்தது.

எதிரே டயர் கடையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். தெரு குறுகல். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. பீவிதான் வாசலில் இருந்து சொன்னார்: "நம்ம ஷெட்டுக்குள்ள தள்ளுங்கப்பா. காலியாத்தான கெடக்கு."

வீட்டை ஒட்டி, தெருவைப் பார்த்தபடி ஷட்டர் போட்ட ஒரு கார் ஷெட் இருந்தது. கணவர் இறந்ததும் அவர்கள் கார் விற்றுப்போனதில் இருந்து அங்கே இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும் ஒரு பழைய கட்டிலும்தான். நான்கு பேர் தள்ளிக்கொண்டு போய் வண்டியை உள்ளே நிறுத்தினார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் இருந்து மெக்கானிக் ஜெக்கரியா வந்தார். ஐம்பது வயதுக்காரர், பேச்சில் கணக்குப் பார்ப்பவர். வண்டியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தார்.

"கியர் பாக்ஸ் போச்சு மேடம். இது சாதா கியர் மாதிரி பிரிச்சு ரெண்டு பல்லு மாத்துற கதையில்ல. புதுப் பொட்டின்னா ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல போவும். இடிபட்ட வண்டியிலேருந்து நல்ல பொட்டி கெடைச்சா ஒண்ணேகாலுக்குள்ள முடிச்சுத் தரலாம். நான் பாத்து வைக்கிறேன், நீங்க பணத்தப் பாத்து வைங்க."

"அதுவரைக்கும் வண்டி உங்க பட்டறையில நிக்கலாமா?"

"என் பட்டறையில எனக்கே எடமில்ல மேடம்."

அறிவுமதி தலை குனிந்தாள். அவள் தெருவில் கார் நிறுத்த இடம் இல்லை. ஓடுகிறவரை மெயின் ரோட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ஓடாத வண்டியை மாதக்கணக்கில் அங்கே போட்டால் சக்கரம்கூட மிஞ்சாது.

"இங்கயே கெடக்கட்டும் புள்ள" என்றார் ரஹ்மத் பீவி. "எடம் என்ன தேஞ்சா போவப்போவுது?"

வாடகை என்று அவள் பேச்செடுத்தபோது பீவி காதில் வாங்காததுபோல உள்ளே போய் டீயோடு வந்தார்.

நெடுநாள் நிற்கப்போகிற வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஜெக்கரியா சொல்லிவிட்டுப் போனார். பெட்ரோலை நிரப்பி வைக்க வேண்டும், டேங்க் காலியாக இருந்தால் உள்ளே துருப்பிடிக்கும். டயரில் காற்றுக் கூடுதலாக அடிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். பேட்டரியில் மைனஸ் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். எலி ஒயரைக் கடிக்காமல் பானட்டுக்குள் அந்துருண்டை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயரை மாட்டி, கால் மணி நேரம் இன்ஜினை ஓட விட்டு, வண்டியை ஓரடி முன்னும் பின்னும் தள்ளி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும்.

"சும்மா நிக்கிறதுக்கு இவ்வளவு வேலையா?" என்றார் பீவி.

"சும்மா நின்னாத்தாம்மா எல்லாம் கெட்டுப்போவும்" என்றார் ஜெக்கரியா.

அறிவுமதி மூலையில் போட்டிருந்த பக்கச் சக்கர ஸ்கூட்டரைத் துடைத்து மறுபடி எடுத்தாள். அதில் பிரிண்டரை வைத்துக் கட்ட முடியாது. மழை வந்தால் எங்காவது கூரைக்குக் கீழே ஒதுங்க வேண்டும். காரில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு போனவள் இப்போது மூன்று வீடுதான் போனாள். சம்பாதிக்கும் கருவியே படுத்துவிட்டபோது, அதை எழுப்பப் பணம் எங்கே சேர்ப்பது? சதீஷ் போனில், "பேசாம காயலாங்கடைக்குப் போட்டுட்டு வேலையப் பாருக்கா. நமக்கெதுக்கு காரு?" என்றான். 'நமக்கு' என்று அவன் சொன்னது அவளுக்கு இரண்டு நாள் உறுத்தியது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு அவள் அய்யம்பேட்டைக்குப் போவாள். ஷட்டரைத் தூக்கி, பானட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி வயரை மாட்டி, பானட்டைச் சாத்திவிட்டு இன்ஜினை ஓட விடுவாள். கால் மணி கழித்து அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வாள். அவளால் தள்ள முடியாது, பீவிதான் தள்ளுவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் இருந்து "யா அல்லா" என்று ஒரு உந்து உந்துவார். வண்டி ஓரடி நகரும்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது பீவி ஷெட்டு ஓரத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அறிவுமதி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"வாங்கம்மா, ஏசியில உக்காருங்க."

பீவி பின் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"முன்னாடியே உக்காருங்கம்மா."

அவர் தயங்கி ஏறி, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஷெட்டின் பின்சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, பழைய காலண்டர் ஆணி ஒன்று அதில் நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கள்ட்ட இருந்த வண்டியில நான் முன்னால உக்காந்ததே இல்ல" என்றார் சுவரைப் பார்த்தபடி. "அவங்க ஓட்டுவாங்க. நானும் தஹ்மீனாவும் பின்னால. அவ கல்யாணமாகிப் போன பிறகும் நான் மட்டும் பின்னாலதான். முன்னாடி வான்னு அவங்களும் கூப்பிடல, வரட்டான்னு நானும் கேக்கல. நாகூருக்குப் போனா ரெண்டரை மணி நேரம். அவங்க பொடனியப் பாத்துக்கிட்டே போவேன்."

அன்றைக்குக் கால் மணி என்பது முக்கால் மணி ஆயிற்று.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. பீவி சாப்பிடச் சொல்வார், அவள் வேண்டாம் என்பாள், முடிந்துவிடும். காரில் ஏறிக் கதவைச் சாத்தி, இருவரும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ பேச்சு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம்.

தஹ்மீனாவைப் பற்றிப் பீவி அங்கேதான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் மலேசியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதினெட்டாவது மாடி. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை சுவரும் டிவியும்தான். மூன்று மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்து வந்துவிட்டார். "எங்கூட இருக்கப் பிடிக்காம தனியா கெடக்கறதே மேல்னு போறீங்களான்னு கேட்டா. நான் பதில் சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப போன் பண்ணுவா. சாப்டீங்களாம்மா? சாப்டேன். மாத்திர போட்டீங்களா? போட்டேன். வச்சிடுவா."

அறிவுமதியும் யாரிடமும் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னாள். கார் வாங்கிய மறுவருடம் நீடாமங்கலத்தில் இருந்து ஒருவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரியாகப் பேசினார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, கல்யாணத்துக்குப் பிறகு வண்டியைத் தன் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"நீ என்ன சொன்ன?"

"என்னைய மாத்த முடியும், வண்டிய மாத்த முடியாதுன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரு சிரிக்கல."

பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போன பிறகு வெகுநேரம் எதையும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவை நட்டார்கள். அறிவுமதி ஒரு வேளைச் சமையலை இரண்டு வேளை சாப்பிட்டுப் பணம் சேர்த்தாள். ஆவணியில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஜெக்கரியாவும் கோயம்புத்தூரில் ஒரு பொட்டி இருப்பதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு சாயங்காலம், வாய்க்கால் கரையில் சேற்றில் ஸ்கூட்டர் சறுக்கி அவள் விழுந்தாள். அவளுக்குத் தோளில் சிராய்ப்புதான். லேப்டாப் பை வாய்க்காலுக்குள் போய்விட்டது. லேப்டாப் இல்லாமல் பிழைப்பே இல்லை. சேர்த்ததில் பெரும்பகுதி புது லேப்டாப்புக்குப் போயிற்று.

அத்தோடு அவள் மனம் விட்டுப்போயிற்று. இன்னும் ஒரு வருடம் இதே மாதிரி சேர்த்து, இன்னொரு வாய்க்காலில் விழ அவளுக்குத் தெம்பில்லை. சாலியமங்கலத்தில் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர், இருக்கிற நிலையிலேயே எழுபதாயிரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் சரி என்றாள். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார், தெருவைச் சொன்னாள்.

விற்பது என்று முடிவு செய்த பிறகு, அந்த ஞாயிறு அவளால் அய்யம்பேட்டைக்குப் போக முடியவில்லை. பீவியிடம் அதை எப்படிச் சொல்வது? வண்டி போய்விட்டால் அந்த வீட்டுக்குப் போக அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு கட்டைவிரலைத் தவிர? அடுத்த முறையும் போகவில்லை. பீவி போன் செய்தார்.

"சம்பா இன்சூரன்ஸ்மா. கடைசி தேதி நெருங்குது, ஒரே கூட்டம்."

"பாத்துக்க புள்ள. வண்டியப் பத்திக் கவலப்படாத, நான் பாத்துக்கறேன்."

வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்று அறிவுமதி நினைத்துக்கொண்டாள். எலி, வெள்ளம் என்று ஏதாவது ஆனால் இருக்கட்டும் என ஒரு சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தது அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. விடியற்காலையில் இருந்து மழை. பதினொரு மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாகப் புரோக்கர் சொல்லியிருந்தார். அதற்கு முன் பீவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுமதி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பத்தேகாலுக்கே போய்ச் சேர்ந்தாள்.

தெருவில் யாரும் இல்லை. டயர் கடையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. ஸ்கூட்டரை அணைத்த பிறகும் ஒரு இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. மழையோடு மழையாகத்தான் முதலில் கேட்டது. பிறகு அது ஷெட்டுக்குள் இருந்து வருகிறது என்று தெரிந்தது. ஷட்டர் தரை வரை இறக்கியிருந்தது.

அவள் தடியைப் போட்டுவிட்டுக் குனிந்து ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தாள். காலிப்பர் போட்ட கால் ஈரத் தரையில் வழுக்கி, முழங்கால் கல்லில் மோதியது. மறுபடி பிடித்து, உட்கார்ந்த வாக்கிலேயே தோளைக் கொடுத்துத் தூக்கினாள். அது இடுப்பளவு ஏறியதும் உள்ளே இருந்து புகை வாடை முகத்தில் அடித்தது.

பானட் திறந்திருந்தது. ரஹ்மத் பீவி தன் வழக்கமான இடத்தில், இடது பக்க முன் சீட்டில் இருந்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. மார்பில் வாந்தி.

அறிவுமதி கை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். "அம்மா! அம்மா!" என்று கன்னத்தில் தட்டினாள். கண் பாதி திறந்து மூடியது. அவள் போட்ட சத்தத்தில் டயர் கடைக்காரர்கள் ஓடிவந்து ஷட்டரை முழுதாகத் தூக்கி, பீவியைக் கொண்டுபோய் வாசலில் காற்றுப்படக் கிடத்தினார்கள். ஆட்டோவுக்கு ஒருவர் ஓடினார். அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. புரோக்கர். பின் கதவைத் திறந்து, "ஏத்துங்க" என்றார். தஞ்சாவூர் வரை ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பீவியின் தலை அறிவுமதியின் மடியில் இருந்தது. ஷட்டரைத் திறந்து வைத்துத்தான் இன்ஜினை ஓட விட வேண்டும் என்று ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. எப்போதும் திறந்தே இருந்ததால் சொல்லத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வயதில் இளைய டாக்டரம்மா ஒருவர் அவளைத் தனியே கூப்பிட்டு, "அவங்க வேணும்னே செஞ்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அறிவுமதி. சொன்ன பிறகு, அது தனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி ராத்திரி முழுக்க வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பீவிக்குத் தெளிந்துவிட்டது. முதலில் கேட்டது, "வண்டிய அணைச்சியா? பெட்ரோல் தீந்துருமே."

"ஏம்மா ஷட்டர எறக்குனீங்க?"

"சாரல் உள்ள வரைக்கும் அடிச்சுதே. பானட்டத் தொறந்து போட்டிருக்கேன், தண்ணி பட்டா பேட்டரி கெட்டுராதா? மூணு தடவையா நாந்தான் ஓட்டுறேன். மொத ரெண்டு தடவ மழயில்ல."

'ஓட்டுறேன்' என்று சொன்னபோது அந்தக் களைத்த முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அறிவுமதியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நான் அத விக்கப் போறேம்மா. அதச் சொல்ல முடியாமத்தான் வராம இருந்தேன்."

பீவி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "தெரியும். போன மாசமே ஒரு ஆளு வந்து ஷெட்டுல காரு நிக்குதாமேன்னு விசாரிச்சான். அதான், கெட்டுப்போகாம வச்சிருந்தா நாலு காசு கூடக் கெடைக்குமேன்னு ஓட்டி வச்சேன்."

அறிவுமதி வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அன்று சாயங்காலமே புரோக்கருக்குப் போன் செய்து வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்றாள். அவர் கோபப்படவில்லை. "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

நாலாம் நாள் தஹ்மீனா வந்தாள். முப்பத்தைந்து வயது, தூங்காத கண். ஆஸ்பத்திரியில் அறிவுமதியை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷெட் வாசலில் நின்று பேசினாள்.

"உங்க வண்டியப் பாத்துக்க எங்கம்மாதான் கெடச்சாங்களாக்கா?"

"தப்பு எம்மேலதான்" என்றாள் அறிவுமதி.

தஹ்மீனா ஷெட்டுக்குள் நின்ற காரைப் பார்த்தாள்.

"டயர் கடையில சொன்னாங்க, ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் இதுல உக்காந்து மணிக்கணக்கா பேசுவீங்களாமே. எங்கிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச மாட்டாங்க. உங்ககிட்ட என்ன பேசுவாங்க?"

"பாதி நேரம் உங்களப் பத்தித்தான்."

தஹ்மீனாவின் முகம் கோணியது. சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். அன்று ராத்திரி தாய்க்கும் மகளுக்கும் என்ன பேச்சு நடந்ததோ, அறிவுமதிக்குத் தெரியாது. மறுநாள் பீவியே போனில் சொன்னார்: "அவகூடப் போறேன் புள்ள. இந்தத் தடவ அவ கோவமா கூப்பிடல. அழுதா."

வீட்டைப் பூட்டப்போகிறார்கள். வண்டியை எடுத்தாக வேண்டும். அறிவுமதி அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தாள். பக்கச் சக்கர ஸ்கூட்டரை ஒரத்தநாட்டில் ஒருவருக்கு விற்றாள். அவள் கேட்காமலே சதீஷ் பதினைந்தாயிரம் அனுப்பினான், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். அப்படியும் குறைந்தது. "மிச்சத்த வண்டி ஓடிச் சம்பாரிச்சுக் குடுங்க" என்றார், கணக்கில் கறாரான ஜெக்கரியா.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, வண்டியைத் தூக்கிப்போக லாரியும், பீவியைத் திருச்சி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வாடகைக் காரும் ஒரே காலையில் வந்தன. லாரிக்காரர் சங்கிலியை மாட்டிக் காரைச் சரிவில் இழுத்து மேலே ஏற்றினார். பீவி வாசலில் நின்று அது ஏறி முடிகிற வரை பார்த்தார்.

வாசலில் நின்று பேச அவர்கள் இருவருக்கும் வரவில்லை. "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்றாள் அவள். "நேரத்துக்குச் சாப்புடு" என்றார் அவர். தஹ்மீனா அம்மாவை வாடகைக் காரின் பின் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "வர்றேங்க்கா" என்றாள். கார் தெருமுனையில் திரும்பியது. லாரியும் எதிர்ப்பக்கமாகப் போயிற்று. அறிவுமதி தடியை ஊன்றி நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஸ்கூட்டரும் இல்லாத அந்த இரண்டரை மாதம்தான் எல்லாவற்றிலும் கடினம். கோயம்புத்தூர்ப் பொட்டி கைமாறிப்போய், வேறொன்று சேலத்தில் இருந்து வந்தது. பஸ் போகிற ஊர்களுக்கு மட்டும் போனாள். மற்றவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்குச் சதீஷ் வரவில்லை. பால் பொங்கியபோது பக்கத்தில் கூவுவதற்கு யாரும் இல்லாமல் அவளே மெதுவாகப் 'பொங்கலோ பொங்கல்' என்று சொல்லிக்கொண்டாள்.

பீவி முதலில் இரண்டு நாளுக்கொரு தடவை போன் செய்தார். அங்கே மழை, மகள் புதிதாகத் தைத்துக் கொடுத்த உடுப்பு, மருமகன் கூட்டிப்போன பூங்கா. பிறகு வாரத்துக்கு ஒன்று. தை மாதம் வந்த போனில், "சாப்டியா புள்ள?" என்றார். "சாப்டேம்மா" என்றாள். "வேல எல்லாம்?" "ஓடுதும்மா." பீவிக்குப் பின்னால் குழந்தைகள் யாரோ விளையாடும் சத்தம் கேட்டது. "சரி, வச்சிடவா?" என்றார் பீவி. வைத்த பிறகும் அறிவுமதி போனைக் காதில் வைத்திருந்தாள். அவர் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. அங்கே அவருக்குப் பேச ஆள் இருக்கிறது; அதைத்தானே அவள் வேண்டிக்கொண்டது.

மாசி பிறந்து நாலாம் நாள் ஜெக்கரியா கூப்பிட்டார். பட்டறையில் கார் கழுவித் துடைத்து நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மருத்துவக் கல்லூரி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். கியர் விழுவது தெரியாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இன்ஜின்ல ஒரு குத்தமுமில்ல. ஒரு வருசம் நின்ன வண்டி மாதிரியே இல்ல. நல்லாப் பாத்திருக்கீங்க" என்றார்.

"நான் பாக்கல" என்றாள்.

அவரை இறக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். போகவில்லை. கும்பகோணம் ரோட்டில் திரும்பி, அய்யம்பேட்டையில் நிறுத்தாமல், பாபநாசம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கு நடுவில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. வழியில் எங்கும் அவளுக்கு வேலை இல்லை, அவளுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை. வேலையில்லாமல் அவள் கார் ஓட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருந்தது. அதை யாரிடமாவது சொன்னால் தேவலை என்றும் இருந்தது.

கும்பகோணம் எல்லையில் பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தன் ஊர்ப் புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். அணைக்க மனம் வராமல் சிறிது நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு போன் அடித்தது. திருக்கருகாவூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர், பட்டா வேலையாக நாளைக்குக் காலையில் வர முடியுமா, உங்களிடம் வண்டி இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குங்க. ஏழு மணிக்கு வந்துடுறேன்" என்றாள்.